பத்து எண்ணிய டாக்டர்

குமரகுருவுக்கு வைத்தியம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. எந்த வியாதிக்கு எந்த மாத்திரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். குடும்ப மருத்துவர் பயிற்சியின் கடைசித் தேர்வில்தான் மனுஷனுக்குச் சனி பிடித்தது. அந்தத் தேர்வுக்கு நிஜ நோயாளி வருவதில்லை. நடிக்கத் தெரிந்த ஒருவர் நோயாளியாக வந்து உட்காருவார். வெளியே ஒரு வலியைச் சொல்வார், உள்ளே ஒரு துக்கத்தை வைத்திருப்பார். எட்டு நிமிஷத்துக்குள் டாக்டர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் தடவை குமரகுரு முப்பத்திரண்டு கேள்வி கேட்டார். நோயாளியால் நாலுக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. ஃபெயில். கொஞ்சம் பரிவு காட்டுங்கள் என்றார்கள். இரண்டாம் தடவை, "உங்க வேதனை எனக்குப் புரியுதுங்க" என்று பதினோரு முறை சொன்னார். அதில் ஒரு முறை, நோயாளியாக வந்த அம்மாள் தன் பெயரைச் சொன்னதற்கு. அதுவும் ஃபெயில்.

மூன்றாவதும் போனால் இன்னும் ஒரு வருஷம் பயிற்சியில் கிடக்க வேண்டும். குமரகுரு தன் ஆசிரியை டாக்டர் பிலோமினாவிடம் போய் நின்றார்.

"மேடம், நான் என்னதான் பண்ணணும்?"

"பேசாம இருங்க."

"எவ்வளவு நேரம் மேடம்?"

பிலோமினா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு பத்து எண்ணுற நேரம் இருந்துதான் பாருங்களேன்."

போதாதா? குமரகுரு வீட்டிலேயே பழக ஆரம்பித்தார். "ரசம் ஊத்தவா, மோர் ஊத்தவா?" என்று மனைவி கேட்டாள். இவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் இரண்டு பாத்திரமும் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டன.

தேர்வு நாள் வந்தது. நோயாளியாக வந்தவர் வெள்ளத்தாயி. நாடக மேடையில் முப்பது வருஷம் அழுது, பார்த்தவர்களையும் அழவைத்தவர். பிலோமினா மதிப்பெண் தாளோடு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா பண்ணுது?"

"முட்டி வலி டாக்டர். மாடிப்படி ஏற முடியலை."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார் குமரகுரு. ஒன்று. இரண்டு. மேசைக்கு அடியில் விரல்கள் மடங்கின.

வெள்ளத்தாயி பெருமூச்சு விட்டார். மூன்று. முந்தானையைத் திருகினார். நான்கு.

"என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆச்சுங்க."

ஐந்து.

"அவர் இருந்தவரைக்கும் ராத்திரியில முட்டிக்குத் தைலம் தேய்ச்சுவிடுவார்."

ஆறு. ஏழு.

"இப்ப அந்தத் தைலப் புட்டியைத் திறக்கவே மனசு வரலை."

எட்டு. ஒன்பது. வெள்ளத்தாயியின் கண்ணில் நீர் திரண்டு நின்றது. பத்து!

குமரகுருவின் முகம் மலர்ந்தது. அடேயப்பா, ஒன்றுகூட விடாமல் எண்ணியாயிற்று! வீட்டுக்காரர், தைலம் என்று நடுவில் ஏதோ காதில் விழுந்ததும் நல்லதாகப் போயிற்று.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. ராத்திரியில வீட்டுக்காரரைத் தைலம் தேய்ச்சுவிடச் சொல்லுங்க. சரியாயிடும்."

மேடையில் ஒரு நாளும் தடுமாறாத வெள்ளத்தாயி, "அட கடவுளே!" என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினார். வராந்தாவில் அவர் சிரித்த சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது.

பிலோமினா தாளில் மதிப்பெண் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன போட்டிருப்பார் என்று எட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"மேடம், நீங்க சொன்னபடி பத்து எண்ணினேனே மேடம்!"

பிலோமினா பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியைக் குமரகுருவின் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

குமரகுருவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என் மாமனார்கிட்ட எந்த முகத்தோட போய் நிப்பேன் மேடம்? மாப்பிள்ளை பாஸாயிடுவார்னு ஊர் முழுக்கச் சொல்லிவெச்சுட்டார். கிளினிக்குக்கு இடம் பிடிச்சு, பெயின்ட் அடிச்சு, குடும்ப மருத்துவர்னு போர்டுகூட எழுதி வாங்கிட்டார். எழுபத்திரண்டு வயசு மேடம். தலைசுத்தலுக்கு மாத்திரை சாப்பிடுற மனுஷன். வேற ஆள் மாட்டினா கோணலாயிடுமாம், தானே ஏணி போட்டு ஏறி இந்த நிமிஷம் போர்டு மாட்டிட்டிருக்கார். காலையில இருந்து மூணு போட்டோ அனுப்பிட்டார். நான் படிக்காதவனா மேடம்? எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுது?"

சொல்லி முடித்து மூக்கை உறிஞ்சினார். பிலோமினா அப்போதும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குமரகுருவுக்கு மெல்ல ஒரு சந்தேகம் வந்தது.

"மேடம், நீங்க எத்தனை வரைக்கும் எண்ணினீங்க?"

"நான் எண்ணலை," என்றார் பிலோமினா. "மாமனாருக்கு ஃபோன் போடுங்க. முதல்ல அவரை ஏணியை விட்டு இறங்கச் சொல்லுங்க."