மன்னரையே தாமதமாக்கிய நாச்சியார்

ஆற்றுப்புற நாட்டு அரசர் மருதவேளுக்கு எல்லாம் இருந்தது. பொறுமை மட்டும் கொஞ்சம் குறைச்சல். பிள்ளை இல்லையா என்றால், ஒருவன் உண்டு. தாதிமார் அவனைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, சிரிக்கிற நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். அழ ஆரம்பித்தால் உடனே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே பிள்ளை வளர்ப்பதைப் போலச் சுகமான காரியம் உலகத்தில் இல்லை என்பது மன்னரின் உறுதியான கருத்து.

அந்த நாட்டுச் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. மன்னரின் வலது கால் வாசற்படியைத் தாண்டும்போது சங்கு முழங்கும். அதற்குள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். ஆனால் அமைச்சர் அம்பலக்கூத்தர் சில நாட்களாகச் சங்குக்குப் பிறகுதான் ஓடி வந்தார். மனைவி தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நான்கு பிள்ளைகளும் அவரும்தான்.

அன்றும் அப்படித்தான் வந்தார். தோளில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"பிள்ளைகளைக் கிளப்புவதெல்லாம் ஒரு காரணமா, கூத்தரே?" என்றார் மன்னர்.

தளபதி இடும்பவாணருக்கு வாய் சும்மா இருக்குமா? அமைச்சர் பதவியைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர வெகுநாளாகக் காத்திருப்பவர். "மன்னா, ஆயிரம் குதிரைகளை நான் கண்மூடித் திறப்பதற்குள் கிளப்புகிறேன். நாலு பொடிசுகள் என்ன பெரிய விஷயம்?"

"உண்மைதான் தளபதியாரே" என்றார் கூத்தர். "ஆனால் எந்தக் குதிரையும் பக்கத்துக் குதிரையின் லாடம்தான் வேண்டும் என்று புரண்டு அழுவதில்லை."

சபை சிரித்தது. மன்னருக்கோ கோபம் ஏறிவிட்டது. "போதும். நாளை முதல், சங்கு முழங்கிய பிறகு வாசற்படியைத் தாண்டுகிறவருக்குப் பதவி கிடையாது. யாராக இருந்தாலும் சரி."

சொன்ன பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. கூத்தர் இல்லாத சபை உப்பில்லாத கூழ். ஆனால் வாய்விட்ட வார்த்தையை எப்படி விழுங்குவது?

"யாராக இருந்தாலுமா, மன்னா?" என்று பணிவாகக் கேட்டார் கூத்தர்.

"யாராக இருந்தாலும்."

"நல்லது. ஒரே ஒரு வேண்டுகோள். என் மூன்றாவது மகள் நாச்சியார் அந்தச் சங்கைப் பார்க்க வேண்டுமென்று உயிரை எடுக்கிறாள். காலையில் பிள்ளைகளை அரண்மனைக்கு அனுப்புகிறேன். தாங்கள் வரும்போது கையோடு அழைத்து வந்தால் போதும்."

"இது ஒரு வேலையா?" என்றார் மன்னர், பாவம்.

மறுநாள் நான்கும் வந்து இறங்கின. வள்ளி, தெய்வானை இரட்டையர். வள்ளிக்குப் பச்சை வளையல், தெய்வானைக்குச் சிவப்பு. மன்னர் அழகாயிருக்கிறது என்று பச்சையைப் பார்த்துச் சொல்லித் தொலைத்தார். உடனே தெய்வானைக்குப் பச்சைதான் வேண்டும். மாற்றிக் கொடுத்தார். இப்போது வள்ளி அழுதாள். ஒருவழியாக ஓய்ந்து கிளம்பினால், "எனக்கு ஒண்ணுக்கு வருது" என்றாள் வள்ளி. அவள் திரும்பி வந்ததும், "எனக்கும்" என்றாள் தெய்வானை. "அப்போதே போயிருக்கலாமே அம்மா?" என்று கேட்டார் மன்னர். "அப்ப வரல" என்றாள். நியாயம்தானே!

இதற்குள் தவழும் கடைக்குட்டி வேலு மன்னரின் ஒரு பாதரட்சையைத் தண்ணீர் அண்டாவில் போட்டுவிட்டான். மன்னருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. தளபதியைக் கூப்பிட்டார்.

"வரிசையில் நில்!" என்று அதட்டினார் தளபதி.

பிள்ளைகள் மகிழ்ச்சியாக வரிசைக்கு ஓடின. யார் முதலில் நிற்பது என்பதில் சண்டை மூண்டது. அதை விலக்கப் போன தளபதியின் மீசையை வேலு பிடித்துக்கொண்டான். விடுவிக்க அரண்மனையே திரண்டது.

ஒருவழியாகச் சபை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். மன்னருக்கு ஒரு காலில்தான் பாதரட்சை, இடுப்பில் வேலு. இரட்டையர் அப்பாவைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டார்கள். நாச்சியார் மட்டும் சங்கூதியின் முன்னால் நின்றாள்.

"மாமா, ஒரே ஒரு தடவை குடுங்க மாமா."

அந்த முகத்தைப் பார்த்து யாரால் மறுக்க முடியும்? சங்கூதி கொடுத்தான். வீட்டில் பூவரச இலை முதல் எண்ணெய்ப் புனல் வரை எதையும் விட்டுவைக்காமல் ஊதிப் பழகியவள் அவள். மூச்சைப் பிடித்து ஊதினாள்.

பூம்ம்ம்!

கூடவே வந்திருந்த தளபதி பாய்ந்து சங்கைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன பயன்? சங்கு முழங்கிவிட்டது. மன்னர் வாசற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே, எல்லோருக்கும் முன்னதாக வந்து, பருக்கை ஒட்டாத அங்கவஸ்திரத்தோடு வீற்றிருந்தார் கூத்தர்.

"கூத்தரே," என்றார் மன்னர் ஈனமான குரலில், "நான் இப்போது உள்ளே வந்தால்..."

"பதவி கிடையாது மன்னா. யாராக இருந்தாலும்."

"ஏதாவது வழி சொல்லும் ஐயா. இவன் வேறு என் மேல் ஈரம் பண்ணிவிட்டான்."

கூத்தர் எழுந்து கைகூப்பினார். "தாங்கள் இன்னும் படியைத் தாண்டவில்லை. ஆகவே இன்னும் தாங்கள்தான் மன்னர். ஆணையைத் திருத்தலாம். குழந்தையைச் சுமந்து வருகிறவர் எப்போது வந்தாலும் தாமதமில்லை என்று சொல்லிவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்!" என்ற மன்னர், வேலுவை இறுக்கிக்கொண்டு ஒரே தாவலில் உள்ளே வந்துவிட்டார்.

சபையினரில் இன்னும் வெளியே நின்றது தளபதி மட்டும். அவர் கையில் சங்குதான் இருந்தது, பிள்ளை இல்லை. அவர் நாச்சியாரைப் பார்த்தார்.

"வாம்மா, கண்ணு. தூக்கிக்கிறேன்."

"மாட்டேன். என் சங்கைப் புடுங்கினீங்க."

"இந்தா, வச்சுக்கோ. இப்ப வர்றியா?"

நாச்சியார் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். "தூக்க வேணாம். யானையாகுங்க."

"யானையா? முடியாதும்மா, நான் தளபதி."

"அப்ப குதிரை."

உள்ளேயிருந்து கூத்தர் குரல் கொடுத்தார். "ஒரே ஒரு பிள்ளைதானே தளபதியாரே? கிளப்பிக்கொண்டு வாருங்கள்."

சற்று நேரத்தில் ஆற்றுப்புறத்து மகாசபை ஒரு காட்சியைக் கண்டது. ஆயிரம் குதிரைகளின் தலைவர் நான்கு காலில் வாசற்படியைத் தாண்டி வந்தார். முதுகில் நாச்சியார் சங்கூதிக்கொண்டு வந்தாள். மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தர் கழுத்தில் போட்டார். வேலு அதில் பாதியை ஏற்கெனவே வாயில் வைத்திருந்தான்.

தளபதி மெல்ல எழப் பார்த்தார். குதிகாலால் அவர் விலாவில் ஒரு தட்டு தட்டினாள் நாச்சியார்.

"இன்னொரு சுத்து."