சில்லிட்ட குழாய்

“மூணு ஸ்டீம் டிராப் மாத்திட்டேன் டீச்சர். மூணும் புதுசு. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?”

கையிலிருந்த காகிதத்தைப் பாய்லர் அறை மேசையில் அடித்து வைத்தார் முனிரத்தினம்.

அவர் அந்த மருத்துவமனையின் பராமரிப்புப் பொறியாளர். பாய்லரை ஓட்டும் மெகருன்னிசா அவரைவிடப் பதினாறு வயது இளையவள். நீராவியின் போக்கை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். டீச்சர் என்று கூப்பிடுவதில் கிண்டல் இல்லை.

சலவைக் கூடத்தில் ஆறு நாளாக இஸ்திரி ரோலர் சூடேறவில்லை. ஆபரேஷன் தியேட்டர் விரிப்புகள் ஈரமாகவே வந்தன. அன்று காலை இரண்டு அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

“மெஷின்ல குறையில்ல. அப்போ ஆள்தான். ரோலர்ல நிக்கிற அந்தப் பூங்காவனம் துணியை அவசர அவசரமா தள்ளுறா. அவளை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கேன். சாட்சிக் கையெழுத்துப் போடுங்க.”

மெகருன்னிசா காகிதத்தைப் படித்தாள். முகம் சிவந்தது. கையெழுத்துப் போடவில்லை.

ஒரு நீள ஸ்குரூடிரைவரை எடுத்து நீட்டினாள்.

“வாங்க.”

ரோலருக்கு அடியில் இருந்தது டிராப். ஆவியை வெளியே விடாமல், ஆறிய தண்ணீரை மட்டும் வெளியேற்றும் சின்ன இரும்புப் பெட்டி. ஸ்குரூடிரைவரின் முனையை அதில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார் முனிரத்தினம்.

“சத்தமே இல்ல. புதுசும் போச்சா? விக்கிறவன் எல்லாம் திருடன்!”

“டிராப்புக்கு முன்னாடி குழாயைத் தொடுங்க.”

தொட்டார். சில்லென்று இருந்தது.

“தண்ணியே வந்து சேரலன்னா டிராப் எதை வெளிய தள்ளும்? அது ரோலருக்குள்ளயே தேங்கிட்டா ஆவி எப்படி உள்ள வரும்?”

அவள் வால்வை மூடினாள். அழுத்தம் முழுக்க இறங்கும்வரை காத்திருந்து, டிராப்புக்கு முன்னால் இருந்த சல்லடையின் மூடியைக் கழற்றினாள். துருவும் கறுப்புச் சேறும் கெட்டியாக அடைத்திருந்தன.

“இதை ஏன் யாரும் என்கிட்ட சொல்லல? ஆறு நாள்! ஒருத்தருக்குக்கூடவா வாய் இல்ல?”

“சொன்னாங்க சார்.”

“யாரு?”

“பூங்காவனம். குழாய் சில்லுன்னு இருக்குன்னு நாலு தடவை சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“எப்போ?”

“இன்னிக்குக் காலைல, நீங்க அவங்களைத் திட்டிக்கிட்டு இருந்தப்ப.”

முனிரத்தினம் சலவைக் கூடத்தின் மறுகோடிக்கு நடந்தார். பூங்காவனம் ஈர விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே போட்டாள்.

“இன்னும் என்ன சார்? பதினோரு வருஷமா இந்த ரோலர்ல நிக்கிறேன். எத்தனை பேர் முன்னாடி என்னை வேலை தெரியாதவள்னு சொன்னீங்க? வாயைத் திறந்தா எதிர்த்துப் பேசுறேங்கிறீங்க. நான் என்ன மரமா?”

அவள் நிறுத்தவில்லை. அவரும் குறுக்கிடவில்லை.

பேச்சின் நடுவே ஓரிடத்தில், இரண்டாவது ரோலரின் குழாயும் நேற்றிலிருந்து சில்லிட ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னாள்.