எருக்குழிப் புழுவும் ஐந்து குஞ்சுகளும்

ஏரிக்கரைத் தோப்பின் ஓரத்தில் புள்ளி என்றொரு கோழி ஆறு குஞ்சுகளோடு மேய்ந்து வந்தது. தோப்பை ஒட்டிய வீட்டின் எருக்குழிதான் அதற்குச் சொர்க்கம். மழை விட்டதும் அங்கே மண்புழுக்கள் கொழுகொழுவென்று நெளியும். புள்ளி கிளறும். "வாங்க, வாங்க!" என்று கூப்பிடும். ஒரு புழுவைக்கூடத் தான் விழுங்காது. எல்லாம் பிள்ளைகளுக்குத்தான்.

ஒருநாள் கறுப்புக் குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது. "க்ர்ர்... க்ர்ர்..." என்று மூச்சுக்குத் திணறியது. இரண்டே நாளில் ஐந்து குஞ்சுகள் அப்படித் திணறின.

முருங்கைக் கிளையில் இருந்த காக்கை எட்டிப் பார்த்தது.

"என்னம்மா புள்ளி, பிள்ளைகள் எல்லாம் கொட்டாவி விடுதே!"

"கொட்டாவி இல்லை அண்ணே, மூச்சே விட முடியவில்லை! நான் என்ன செய்வேன்?"

"முதலில் வீட்டுக்காரி செவந்தி கண்ணில் படாமல் பார்த்துக்கொள். சீக்குக் கோழி என்று தெரிந்தால் இன்றைக்கே குழம்பு! விறகுக்குப் பின்னால் ஒளித்து வை. நல்ல தீனி கொடு. எருக்குழிப் புழுவுக்கு மேலே சத்து எதில் இருக்கு?"

புள்ளி நம்பியது. ஈரமும் இருட்டுமான விறகுச் சந்தில் ஐந்தையும் நெருக்கி உட்கார வைத்தது. ஓடி ஓடிப் புழு கொண்டுவந்து ஊட்டியது. காக்கை கிளையைவிட்டு நகரவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் கறுப்புக் குஞ்சால் தலையைத் தூக்க முடியவில்லை. அன்று பொழுது சாயும்வரைகூடத் தாங்காது போலிருந்தது.

அப்போது குட்டைவால் குஞ்சு நொண்டிக்கொண்டு வந்தது. காலில் முள் குத்தியதால் அது எருக்குழிப் பக்கமே போனதில்லை. வைக்கோல் போரடியில் சிந்திய கம்பைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

"அவங்களுக்கு மட்டும் புழு! எனக்குக் கம்பா? என்மேல் உனக்குப் பாசமே இல்லை, போ!"

புள்ளி அதையும் மூச்சுத் திணறும் ஐந்தையும் மாறி மாறிப் பார்த்தது.

நான் மறந்துபோன பிள்ளை மூச்சு முட்டாமல் சண்டை போடுகிறது. நான் பார்த்துப் பார்த்து ஊட்டிய ஐந்தும் சாகக் கிடக்கின்றன. அப்படியானால் நோயைக் கொடுத்தது யார்? என் அலகா?

அதை நினைக்கவே அதற்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நினைத்துப் பார்த்தது. பிறகு எழுந்தது.

"எல்லோரும் வெளியே வாங்க! முற்றத்துக்கு!"

"பைத்தியமே, உள்ளே ஓட்டு! அறுத்துவிடுவாள்!" என்று கத்தியது காக்கை.

"அறுப்பாளோ மாட்டாளோ, ஒளித்து வைத்தால் சாவது நிச்சயம். அது சரி அண்ணே, மூன்று நாளாக யாருக்காகக் காத்திருக்கிறாய்?"

காக்கை வேறு பக்கம் பார்த்தது. பிறகு பறந்தே போனது.

புள்ளி முற்றம் அதிரக் கொக்கரித்தது. செவந்தி கை ஈரத்தோடு ஓடிவந்தாள். கறுப்புக் குஞ்சின் வாயைத் திறந்து வெயிலில் பார்த்தாள். தொண்டைக்குள் சிவப்பு நூல் போலப் புழுக்கள்!

"அடிப் பாவி! இதுங்களை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?"

அவள் கத்தியை எடுக்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் புழு மருந்து வாங்கி வந்தாள். காற்றோட்டமான காய்ந்த தரையில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, நோயுற்ற ஐந்தையும் தாயோடு தனியே விட்டாள். டாக்டர் சொன்ன அளவில் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தாள். எருக்குழி மண்புழு வழியாகத்தான் இது தொற்றும் என்று அவர் சொன்னதால், எருக்குழியைச் சுற்றி முள் அடைத்தாள்.

"த்தூ, கசக்குது!" என்றன குஞ்சுகள்.

புள்ளி முதலில் குடித்துக் காட்டியது. ஒவ்வொன்றாகக் குடித்தன. குனிய முடியாத கறுப்புக் குஞ்சுக்கு மட்டும் செவந்தி அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

அடுத்த நாளும் அது திணறியது. அதற்கும் அடுத்த நாள் தலையை உதறி ஒரு தும்மல் போட்டது. செத்த புழு ஒன்று மண்ணில் வந்து விழுந்தது. குஞ்சு வாயை மூடி, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது.

"அம்மா! வலிக்கலை!"

ஒரு வாரத்தில் ஐந்தும் பஞ்சாரத்தை விட்டு வெளியே பாய்ந்தன. நான்கு மாதம் கழித்து ஒரு விடியலில் கூரைமேல் ஏறி, தோப்பே திரும்பிப் பார்க்கும்படி ஒரு இளஞ்சேவல் கூவியது. கறுப்புச் சேவல்! ஒரு மூச்சில் அது எவ்வளவு நேரம் கூவியது தெரியுமா? கீழே நின்ற புள்ளிக்குக் கேட்டுக் கேட்டு ஆசை அடங்கவில்லை.

அன்பாகக் கொடுத்தாலும் கெடுதல் கெடுதல்தான்; தன் தவறைத் தானே பார்த்து, அதை மறைக்காமல் வெளியே கொண்டுவருபவரே தம் பிள்ளைகளைக் காப்பாற்றுவார்.