விறகுக் கட்டுக்கு ஓர் இலை

கரிசல் காட்டின் ஓரத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே குருவுக்குச் சீடரைவிடப் பத்து வயது குறைவு. அதனால் 'நீங்க' என்றுதான் பேசுவார். சீடர் வெயிலுகந்தான், மனைவி இறந்து போன பிறகு வந்து சேர்ந்தவர். மடத்துச் சமையல் அவர் பொறுப்பு.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பின்வாசலில் யார் ஒரு கட்டு விறகை இறக்கினாலும், மதியப் பந்தியில் அவர்களுக்கு இலை விழும். ஊர், பெயர், சாதி ஒன்றும் கேட்பதில்லை. காட்டில் வேலிக்கருவை வெட்டிப் பிழைக்கிறவர்களுக்குக் கூலி இல்லாத நாளிலும் அந்தச் சோறு நிச்சயம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசத்தில் உப்பில்லை என்று குறையும் சொல்வார்கள். இருளாயி என்று ஒருத்தி, அவளுக்கு இதில் வாயே ஓயாது.

வெயிலுகந்தானுக்குப் புகையைப் பார்த்தாலே ஆகாது. பந்தியில் பாதிப் பேர் இருமினார்கள். மழை தப்பிக்கொண்டே வந்தது, வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. உலகம் அடுப்பை மாற்றியாக வேண்டும் என்று படித்தார், நம்பினார். நம்பியதில் தப்பு ஒன்றுமில்லை. நல்ல மனசுக்காரர், பொறுமைதான் கொஞ்சம் மட்டு. குருவிடம் அனுமதி வாங்கி, வெளியூர்க்காரர்கள் உதவியோடு, மாடியில் வரிசையாகக் கண்ணாடிகளை நிறுத்திச் சூரிய அடுப்பு கட்டிவிட்டார்.

முதல் நாள் புகையே இல்லாமல் உலை கொதித்தபோது அவருக்குக் கண் கலங்கியது. பழக்க தோஷத்தில் புகைதான் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கும் இருளாயியும் மற்றவர்களும் விறகோடு வந்தார்கள். இனி விறகு வேண்டாம், யாரும் கஷ்டப்பட வேண்டாம், சும்மா வந்து சாப்பிட்டுப் போங்கள் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இறக்கிய கட்டை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை.

ஊருக்குள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். தானே போயும் கூப்பிட்டார். வருகிறோம் என்றார்கள், வரவில்லை. அந்த நீளமான கூடத்தில் குருவும் அவரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மோர் ஊற்றுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. எந்தத் தனிமைக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்தாரோ, அதே தனிமை இங்கேயும் வந்துவிட்டது. உப்பில்லை என்று சொல்லக்கூட ஆளில்லையே என்று ஏங்கிப் போனார்.

ஒருநாள் காலையில் மாடிக்குப் போனால், கண்ணாடி ஒன்று கல்லடிபட்டு உடைந்து கிடந்தது.

நேரே குருவிடம் வந்தார்.

"அவங்க பிள்ளைகளுக்காகவும்தான செஞ்சேன் சாமி. கல்லெறியிறாங்க. முள்வேலி போடவா, பழைய அடுப்புக்கே போயிடவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இன்னைக்கு மத்தியானம் இருளாயி வீட்டுல போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றார் குரு.

வேண்டாவெறுப்பாகத்தான் போனார். இருளாயி முகம் சுளிக்கவில்லை. பாயை விரித்து, தட்டு நிறையக் கேப்பைக் களியும் கீரையும் வைத்தாள். பானையில் அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவர் கை தட்டுக்குப் போகவில்லை. ஒரு குடம் தண்ணீர் எடுத்து வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். சரிந்து கிடக்கும் வாசல் படலையாவது கட்டித் தருகிறேன் என்றார். அதுவும் வேண்டாம் என்றாள்.

"நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேணாம்ணே. சும்மா சாப்பிட்டுப் போங்க."

வெயிலுகந்தானுக்குக் காது சூடானது. தலையைக் குனிந்தபடி களியை வாயில் போட்டார்.

மடத்துக்குத் திரும்பியதும் குரு கேட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"முழுங்கினேன் சாமி."

வெயிலுகந்தான் பழைய அடுப்பையே மூட்டிவிடுவதாகச் சொன்னார்.

"இந்த அடுப்புல என்ன குறை?"

"அடுப்புல குறையில்ல. கரிசப் புழுதிதான். விடிஞ்சதும் ஒவ்வொரு கண்ணாடியாத் துடைக்கணும். வெயில் நகர நகரத் திருப்பி வைக்கணும். இல்லாட்டி உலை கொதிக்காது. இடுப்பு ஒடிஞ்சு போகுது."

"யாரு செய்யிறது?"

"நான்தான். ஒத்த ஆளா."

"விறகு வேணாம்னு அவங்ககிட்டச் சொன்னீங்க, சரி. துடைக்கிற துணியை ஏன் நீங்களே வச்சுக்கிட்டீங்க?"

மறுநாள் விடியும்போதே, வெயிலுகந்தான் கை நிறையத் துணிகளோடு இருளாயி வீட்டு வாசலில் நின்றார்.