நெடுமணல் ஓடை

குன்றத்து மடத்தில் இருந்த அம்மையாரிடம் பத்து வருடம் படித்தவன் சேந்தன். பிறகு அரண்மனை வேலைக்குப் போனான். நாற்பது வயதில் துறைமுகப் பகுதிக்கு அதிகாரி ஆனான்.

ஒரு நாள் விடிந்ததும் அவன் மடத்துக்கு வந்தான். கையில் ஓர் ஓலை இருந்தது.

"அம்மையே, இதில் நான் முத்திரை வைக்க வேண்டும். கை வரவில்லை."

"என்ன ஓலை?"

"நெடுமணல் ஊர்ச்சபையைக் கலைக்கும் ஆணை."

அம்மையார் அவனை உட்காரச் சொன்னார். அவன் நின்றுகொண்டே சொன்னான்.

துறைமுகத்துக்குக் கப்பல்கள் கூடக் கூட ஆட்களும் வந்து குவிந்தார்கள். அவர்கள் குடியிருக்க நெடுமணலில் புதிய தெருக்கள் அமைக்க அரசர் முடிவு செய்தார். கல்லும் மரமும் தச்சர்களும் அரண்மனைப் பொறுப்பு. நிலமும் வேலையாட்களும் ஊர்ச்சபைப் பொறுப்பு. இரு தரப்பும் கையெழுத்திட்டன. இரண்டே வருடத்தில் நானூறு வீடுகள் எழுந்தன. போன ஐப்பசி மழையில் வெள்ளம் புதுத் தெருவுக்குள் புகுந்தது. பதினேழு பேர் செத்துப்போனார்கள்.

"வறண்டு கிடந்த ஓடையின் மேல் தெரு போட்டிருக்கிறோம், அம்மையே. அங்கே ஓடை இருந்தது சபைக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இனி எல்லாவற்றையும் அரண்மனையே பார்த்துக்கொள்ளும் என்கிறார் அரசர்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

"நியாயம் என்றுதான் படுகிறது."

"பிறகு ஏன் கை வரவில்லை?"

அவன் கையிலிருந்த ஓலையைத் திருப்பிப் பார்த்தான். அம்மையார் எழுந்தார்.

"வா, நெடுமணலுக்குப் போவோம்."

சபைத் தலைவர் கண்டன், இடிந்த வீடொன்றின் முன்னால் செங்கல் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அது அவருடைய மகளின் வீடு. பதினேழு பேரில் அவளும் ஒருத்தி. அதிகாரியைக் கண்டதும் எழுந்து நின்றார். வணங்கவில்லை.

"இங்கே ஓடை இருந்தது உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அம்மையார்.

"தெரியும். என் சின்ன வயதில் ஒரு தடவை தண்ணீர் ஓடிப் பார்த்திருக்கிறேன்."

"பிறகு ஏன் கையெழுத்திட்டீர்?"

கண்டன் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தார்.

"தெருப் படம் அரண்மனையிலிருந்து வந்தது, அம்மையே. அத்தனை படித்தவர்கள் பார்க்காமலா இருப்பார்கள் என்று நினைத்தேன். என் மகளுக்கே இங்கே ஒரு வீடு கேட்டு வாங்கினேன்."

அம்மையார் சேந்தன் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் வந்து பார்க்கவில்லை?"

சேந்தன் இடிந்த சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"சபை கையெழுத்திட்டிருந்தது. ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்."

அம்மையார் வெள்ளம் வந்த தடத்தைக் கையால் காட்டினார்.

"ஓடை தொடங்கும் இடத்திலிருந்து கடல் வரைக்கும் இருவரும் நடந்துவிட்டு வாருங்கள்" என்றார் அம்மையார்.

அவர்கள் போனார்கள். பொழுது சாயும் நேரத்தில், முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார்கள்.

"ஓடைத் தடத்தில் நிற்கும் அறுபது வீடுகளைப் பிரித்து மேட்டில் கட்ட வேண்டும். கல்லுக்கும் தச்சருக்கும் நான் பொறுப்பு" என்றான் சேந்தன்.

"மேட்டு நிலத்தைச் சபை கொடுக்கும்" என்றார் கண்டன். "ஓடைக்குக் கரை கட்டினாலும், வண்ணார் துணி துவைக்கும் துறைக்குக் கீழே கட்ட வேண்டாம் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே மண் நிற்காது."

சேந்தன் ஓலையை முத்திரை வைக்காமலே சுருட்டினான்.

"அரசரிடம் நானே போய்ச் சொல்கிறேன். பதவி போனால் போகட்டும். ஆனால் அவர் ஒன்று கேட்பார், அம்மையே. நாளைக்கு அரண்மனை ஒன்று சொல்லி, சபை வேறொன்று சொன்னால் யார் முந்தி என்று கேட்பார். நான் என்ன சொல்வது?"

"ஓடையில் நடந்தீர்களே, உங்களில் யார் முன்னால் போனீர்கள்?"

சேந்தன் கண்டனைப் பார்த்தான். கண்டனும் அவனைப் பார்த்தார். மாறி மாறி முன்னால் போயிருந்தார்கள்; யார் முந்தி என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.