கடலை தன் பிள்ளைகளைப் புதைத்த கதை

செடிகொடிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், நைஜர் ஆற்றுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பம்பாராக் கடலை மண்ணுக்கு மேலேதான் காய்த்தது. நம் நிலக்கடலைக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைக் காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கலாம். வம்பே அங்கேதான் தொடங்கியது.

அந்த ஊரில் நல்ல நிலமெல்லாம் ஆண்களுக்கு. கம்பு போட்டுப் போட்டுச் சக்கையாகிப்போன துண்டு நிலம் பெண்களுக்கு. அதில் கடலை மட்டும்தான் வரும். சரி, அதையாவது விட்டுவைத்தார்களா? பெண்களின் கொல்லையில் கண்ணில் படுகிற காயெல்லாம் குடும்பக் களஞ்சியத்துக்குச் சேரும் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். களஞ்சியத்தின் சாவி வீட்டின் மூத்த ஆணிடம் இருக்கும்.

நியெலே என்ற விதவையின் வீட்டில் அந்த மூத்தவர் அவள் கணவனின் அண்ணன் மொலோபாலி. போன வருஷப் பஞ்சத்தில் அவர் களஞ்சியத்தைத் திறக்கவே இல்லை. அவளுடைய மூன்று வயது மகள் தெனே பசியிலேயே செத்துப்போனாள். அவளைக் கடலைக் கொல்லையின் ஓரத்தில் புதைத்தார்கள். மிச்சம் இருந்தது கைக்குழந்தை சிரா மட்டும். இந்த விளைச்சலும் கைவிட்டுப் போனால் சிராவும் பிழைக்கமாட்டாள் என்று நியெலேவுக்குத் தெரியும்.

உச்சி வெயிலில் அந்தக் கொல்லை ஓரத்தில் ஒரு குழந்தை முனகுவது கேட்கும். மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். நியெலே தினமும் போவாள்.

கடலை பூத்த ஒரு நாள், காற்றே இல்லாத உச்சிப்பொழுதில், அவள் செடியின் முன் உட்கார்ந்தாள்.

"உன் புள்ளைங்கள மண்ணுக்குள்ள ஒளிச்சு வை. கண்ணுல படலன்னா யாரும் எடுக்க முடியாது."

செடி, "நீயும் பெத்தவதான. உசுரோட புதைக்கச் சொல்றியே. உள்ள ஒரே இருட்டு, அதுங்க பயப்படும். தொணைக்கு யாரு இருக்கா?" என்றது.

நியெலே கொல்லை ஓரத்தைப் பார்த்தாள். "எம் மக இருக்கா. அவளுக்கும் வெளையாட ஆளில்ல."

"அப்ப அவ எங்களோட வந்துருவா. அப்புறம் நீ கூப்பிட்டாலும் வரமாட்டா. சம்மதமா?"

அவள் அழுதாள். அந்த முனகலைக் கேட்கத்தானே அவள் தினமும் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் சிரா பால் கேட்டுச் சிணுங்கினாள்.

"சம்மதம்," என்றாள் நியெலே.

மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாகத் தலை குனிந்தன. காம்புகள் நீண்டு மண்ணைத் துளைத்தன. கொல்லை ஓரத்தில் மண் அசைந்தது. உள்ளே யாரோ தவழ்ந்து போவதுபோல நடுக்கொல்லை வரைக்கும் புடைத்து அடங்கியது. முனகல் நின்றுவிட்டது.

அறுவடைக்கு மொலோபாலி கூடையோடு வந்தார். வெறும் இலைதான் இருந்தது.

"காயெல்லாம் எங்க?"

"பாருங்க பெரியத்தான். கண்ணுல பட்டா எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் குனிந்து மண்ணில் கை வைத்தார். அடியில் குழந்தைகள் கூட்டமாகச் சிரித்தன. அதில் ஒரு சிரிப்பு அவருக்குத் தெரியும். அவர் தோளில் ஏறி விளையாடியவளின் சிரிப்பு.

"பெரியப்பா, கதவத் தொறந்தாச்சா?" என்று அது கேட்டது.

மொலோபாலி கூடையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தார். அதன் பிறகு எந்தப் பெண்ணின் கொல்லையிலும் அவர் கால் வைக்கவில்லை.

நியெலே செடியைப் பிடுங்கினாள். வேரோடு காய்கள் வந்தன. சாப்பிட்டது போக மீதியைத் தானே சந்தையில் விற்று ஓர் ஆடு வாங்கினாள். சிராவின் கன்னத்தில் சதை வைத்தது. ஊர்ப் பெண்கள் அவளிடம் விதை வாங்கிப் போனார்கள். அடுத்த மழைக்கு அந்தச் சக்கை நிலத்தில் கம்பு ஆளுயரம் வளர்ந்தது. உள்ளே இத்தனை பிள்ளைகள் ஓடி விளையாடினால் மண் சும்மா கிடக்குமா?

நியெலே மட்டும் சில நாள் உச்சி வெயிலில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை.

அன்று முதல்தான் பம்பாராக் கடலை மேலே பூத்துக் கீழே காய்க்கிறது. அறுவடை நாளில் அந்த ஊர்ப் பெண்கள் ஒரு செடியை மட்டும் பிடுங்காமல் விடுவதும் அன்று முதல்தான். எல்லாப் பிள்ளைகளும் மேலே வந்துவிட்டால் தெனே மறுபடியும் தனியாகிவிடுவாள்.