கழிமுகத்து எண்ணெய்

கப்பலொன்று கக்கிவிட்டுப் போன எண்ணெய் கழிமுகத்தில் கறுப்பாகப் படிந்து கிடந்தது. குப்பத்து ஆட்கள் வாளியும் குவளையுமாக அள்ளினார்கள். அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது அந்தச் சனியன். மறுநாள் புயல் கரையைக் கடக்கும் என்று ரேடியோ சொன்னதும், அள்ளியது போதும் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் வடமலை.

வடமலை அந்தக் குப்பத்தில் படகோட்டியவர். இப்போது வலையை விட்டுவிட்டு மணல்மேட்டு மடத்தில் மங்கையம்மையின் சீடராக இருக்கிறார். அம்மை வயதில் இளையவர்தான். ஆனாலும் அம்மை வாய் திறந்தால் வடமலை எழுந்து நிற்பார். கடல் விஷயத்தில் மட்டும் குப்பத்தில் இன்னமும் வடமலை சொன்னதுதான் சட்டம்.

மடத்துக்குள் நுழையும்போதே பொரிந்து தள்ளினார்.

"கப்பல்காரன் ஊத்துவான், எங்க ஆளுங்க அள்ளணுமா? நாசமாப் போறவன். வரட்டும்மா புயல். மொத்தத்தையும் வாரிச் சுருட்டிக்கிட்டுப் போகட்டும்."

"குப்பம் என்ன ஆகும்?" என்றார் அம்மை.

"ஒண்ணும் ஆகாது. கடலடியைப் பாக்கணும்னா ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவோம். தண்ணி அப்படியே அடங்கிடும். இங்க கழி முழுக்க எண்ணெய். அலை எப்படி எழும்பும்?"

சும்மா சொல்லக்கூடாது, கடல் தெரிந்த மனுஷர்தான்.

"எண்ணெய் புயலை அடக்கிடும். புயல் எண்ணெயை வாரிடும். உங்களுக்கு வேலையே இல்ல," என்றார் அம்மை.

"அதான் அவங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்."

அம்மையின் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு வடமலை பார்த்ததே இல்லை.

"குப்பத்துக்கு இருக்கிற ஒரே நல்ல தண்ணிக் கிணறு, கழியில இருந்து எவ்வளவு தூரம்?"

"கூப்பிடு தூரம்."

"போய் அந்தக் கழித்தண்ணி ஒரு வாளி அள்ளிட்டு வாங்கண்ணே."

கொண்டுவந்ததை அகலமான சட்டியில் ஊற்றச் சொன்னார். மடத்தின் குடிதண்ணீர்க் குடத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்து, மூடியை எடுத்துவிட்டார்.

"ஊதுங்க."

வடமலை குனிந்து ஊதினார். எண்ணெய் லேசாக நெளிந்தது. அலை எழவில்லை.

"பாத்தீங்களாம்மா?" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"பாத்தேன். அது காத்து. இது புயல்."

அம்மை இரண்டு உள்ளங்கையாலும் சட்டித் தண்ணீரை ஓங்கி அறைந்தார்.

படலம் கிழிந்து தண்ணீரோடு தண்ணீராக எகிறியது. வடமலையின் தாடி, வேட்டி, பின்னால் இருந்த சுவர் எல்லாம் கறுப்பு. குடத்துக்குள்ளும் விழுந்தது. சட்டியில் பாதித் தண்ணீர்தான் மிச்சம். அதில் எண்ணெய் பொடிப்பொடியாகச் சுழன்றது.

"அலையை அடக்கிச்சா?"

"இல்லம்மா."

"எண்ணெயை எங்க கொண்டுபோய்ச் சேத்துச்சு?"

வடமலை குடத்தை எட்டிப் பார்த்தார்.

நெற்றியிலிருந்து எண்ணெய் வழிந்தது. கையால் துடைத்தார், கன்னமெல்லாம் இழுகியது. நாற்றம் குமட்டியது. கொடியில் கிடந்த துண்டுக்குக் கை நீட்டினார். அம்மை முந்திக்கொண்டு அதை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"துண்டைக் குடுங்கம்மா. துடைக்கணும்."

"நீங்க எதுக்கு துடைக்கணும்? நாளைக்குப் புயல் வருதுல்ல, அது துடைக்கும். உக்காருங்க."